ஏலத்தில் எடுத்த எம்35ஏ2 இராணுவ லாரி: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்க இராணுவம் கழித்துவிட்ட லாரிகளுள் தனியார் வாங்கி, திருத்தி, ஓட்டத் தக்கதாக நான் கருதுவது எம்35ஏ2 ஆகும். ரியோ நிறுவனத்தின் வடிவமைப்பாகத் தொடங்கி, பின்னர் கைசர், ஏஎம் ஜெனரல் ஆகிய நிறுவனங்களின் கையில் 1980களின் இறுதிப்பகுதி வரை வார்ப்பு மாறாமல் வந்த இந்த ஆறு சக்கர இயக்க லாரியை ‘இரண்டரை டன்’ வகை என்பார்கள். அந்த இரண்டரை டன் கரடுமுரடான நிலத்தில் ஏற்றும் சுமை. சாலையில் அதன் அளவு 10,000 பவுண்டு. வெறும் வண்டி ஏறத்தாழ 13,000 பவுண்டு எடை கொண்டது என்பதால், முழுச் சுமையுடனும் கூட்டாட்சி விதியின் வணிக ஓட்டுநர் உரிம எல்லையான 26,001 பவுண்டுக்குக் கீழேயே இது நிற்கிறது. அதற்கு அடுத்த பெரிய வகையான ஐந்து டன் எம்923 அவ்வெல்லையைத் தாண்டிவிடும். வாங்குமுன் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்துவது நல்லது.

இவ்வழிமுறை முழுவதற்கும் ஒரே ஓர் ஒழுங்கு உண்டு. எந்த அறிகுறி தோன்றினாலும் முதலில் வண்டி நின்றுகிடந்த காலத்தைச் சந்தேகியுங்கள்; அடுத்து, உங்களுக்கு முன் வைத்திருந்தவர் செய்த மாற்றங்களைச் சந்தேகியுங்கள்; இவ்விரண்டும் குற்றமற்றவை என்று உறுதியான பிறகே இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரிக்கத் துணியுங்கள். நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை முதல் இரண்டிலேயே முடிந்துவிட்டன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வண்டி பிழையின்றி, தொழிற்சாலை வரைந்த நிலைக்குத் திரும்பும் வரை எந்தப் புதிய மாற்றத்தையும் தொடங்காதீர்கள். பழுதின் மேல் மாற்றத்தை ஏற்றினால், பிறகு தோன்றும் அறிகுறி இரண்டில் எதனுடையது என்று பிரித்தறிய முடியாது. இராணுவப் பழுதுபார்ப்புக் கையேடான டிஎம் 9-2320-361 தொகுதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் அளவுகளும் திருகுவிசைகளும் முழுமையாக உள்ளன.

பதிவு அலுவலகம் ஆவணத்தைத் திருப்பி அனுப்புகிறது

வண்டியின் முதல் பழுது பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கும். இராணுவக் கழிவு ஏலத்தில் விற்கப்படும் வண்டிக்கு எஸ்எஃப்-97 என்னும் அரசுச் சான்று கிடைக்கிறது; அதைக் காட்டித்தான் மாநிலத்தில் உரிமைப் பத்திரம் பெற வேண்டும். டேஷ்போர்டில் திருகியிருக்கும் உலோகத் தகட்டில் பொறித்த வரிசை எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஓர் இலக்கம்கூட மாறாமல் ஒத்திருக்கின்றனவா என்று பணம் கட்டும் முன்பே நேரில் பாருங்கள். நான் வாங்கிய வண்டியில் தகட்டில் 8 என்றிருந்த இடத்தில் காகிதத்தில் 3 என்றிருந்தது. இடைத்தரகரிடம் வாங்கியிருந்ததால் திருத்தம் வந்துசேர மூன்று மாதம் ஆயிற்று; அதுவரை வண்டி தோட்டத்திலேயே நின்றது. ‘சாலைக்கு வெளியே மட்டும்’ என்ற குறிப்புடன் சான்று இருந்தால், அதை மாற்றிக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும் நம்பி வாங்க வேண்டாம்.

ஸ்டார்டர் பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்ற ஒலி மட்டும் வருகிறது

இது 24 வோல்ட் வண்டி. பயணி இருக்கைப் பக்கத்தில் உள்ள பெட்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். இரண்டையும் சேர்த்து அளந்து 25 வோல்ட் இருக்கிறது என்று நிறைவடைந்துவிடக் கூடாது. இணைப்பைக் கழற்றி ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஓய்வு நிலையில் ஒவ்வொன்றிலும் 12.6 வோல்ட் அளவில் இருப்பது சரி. ஒன்று 12.9, மற்றொன்று 11.8 என்று காட்டினால் மூலகாரணம் பெரும்பாலும் பேட்டரியில் இல்லை. முன்பு வைத்திருந்தவர் 12 வோல்ட் ரேடியோவையோ கைப்பேசிச் சார்ஜரையோ கீழ்ப்பக்கப் பேட்டரியிலிருந்து மட்டும் இழுத்து ஓட்டியிருப்பார். சுமை ஏற்கும் பேட்டரி வறண்டுகொண்டே போக, ஆல்டர்னேட்டரோ இரண்டுக்கும் சேர்த்து 28 வோல்ட் அளவில் மின்னூட்டம் தருவதால், சுமையே இல்லாத மற்றப் பேட்டரி அளவுக்கு மீறிக் கொதித்து நீரிழக்கிறது. ஒன்று பட்டினியாலும் மற்றொன்று அளவுமீறிய உணவாலும் சாகின்றன. புதுப் பேட்டரி வாங்கிப் போட்டாலும் ஆறு மாதத்தில் இதே நிலை திரும்பும். அந்த ஒற்றைக் கம்பியை அறுத்துவிட்டு, 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் கருவியைப் பொருத்தி, 12 வோல்ட் சாதனங்கள் அனைத்தையும் அதிலிருந்தே ஓட்டுவதுதான் தீர்வு.

பேட்டரிகள் இரண்டும் நலமாக இருந்தும் ‘டக்’ ஒலி நீடித்தால், பேட்டரியிலிருந்து சேஸிஸுக்குச் செல்லும் எர்த் கேபிளின் அடிப்பாகத்தைக் கழற்றுங்கள். பச்சைப் பெயின்டின் மேலேயே கேபிள் முனையின் உலோக வளையமான லக்கை வைத்து முறுக்கியிருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளில் கண்டிருக்கிறேன். உலோகம் பளிச்சென்று தெரியும் வரை சுரண்டித் துடைத்து மீண்டும் பொருத்துங்கள்.

மற்ற மின் பழுதுகளுக்கு ஒரு வசதி உண்டு. இராணுவக் கம்பிகள் ஒவ்வொன்றின் முனைக்கருகிலும் எண் பொறித்த சிறு உலோகப் பட்டை இருக்கும். கையேட்டின் மின்படத்தில் அதே எண்ணைத் தேடினால் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும். பட்டையில்லாத கம்பி எதுவும் தொழிற்சாலை இட்டதன்று. முதல் நாளிலேயே அத்தகைய கம்பிகளுக்குச் சிவப்பு நாடா சுற்றி வையுங்கள். விளக்கு எரியவில்லை என்றால் சோதனையை அந்தச் சிவப்பு நாடாக்களிலிருந்தே தொடங்கலாம்.

இன்ஜின் எழுந்து, சில நொடிகளில் அணைந்துவிடுகிறது

தொட்டிக்குள் இருக்கும் மின் பம்பைச் சோதிப்பது எளிது. இன்ஜினை எழுப்பாமல் சுவிட்சை மட்டும் போட்டுவிட்டு, டீசல் தொட்டியின் மேல் காதை வைத்துக் கேளுங்கள். மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்டால் அடுத்தது வடிகட்டிகள். முதல் வடிகட்டி ஒன்றும், அதன் பின் இரண்டும் உள்ளன. மூன்றின் அடியிலும் உள்ள வடிகுழாயைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் நீரும், கறுத்த பாசி போன்ற வழுவழுப்பும் இறங்கும். அப்படியானால் வடிகட்டியை மட்டும் மாற்றிப் பயனில்லை. தொட்டியை இறக்கிக் கழுவ வேண்டும்.

குளிர்காலக் காலையில் முதல் சில நிமிடங்கள் வெண்புகை வருவது பல வகை எரிபொருளிலும் ஓடும் இந்தப் பல்லெரிபொருள் இன்ஜினின் இயல்பு. இன்ஜின் சூடேறிய பின்பும் வெண்புகை நின்றபாடில்லை, வெளியே கசிவு இல்லாமலே ரேடியேட்டர் நீர் குறைகிறது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஓட்டினால் குமிழி வருகிறது என்று மூன்றும் சேர்ந்தால், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. ஆறு சிலிண்டர்களுக்கு இரண்டு ஹெட்கள் இருப்பதால், எந்தப் பக்கம் என்று அறிந்து அதை மட்டும் எடுக்கலாம் என்று தோன்றும். இரண்டையும் எடுங்கள், மற்றதும் அதே வயதுடையதுதான்.

இன்ஜின் ஆயில் ஊற்றாமலே அளவு ஏறுகிறது

இதைக் கண்டவுடன் வண்டியை நிறுத்திவிட வேண்டும். அளவுக்கோலை உருவி முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை வந்தால், இஞ்செக்‌ஷன் பம்பின் உட்சீல்கள் வறண்டு எரிபொருள் ஆயில் தொட்டிக்குள் கசிகிறது. பல எரிபொருள்களுக்கும் ஏற்பப் பம்பின் அளவைத் திருத்தவென்று பொருத்தப்பட்ட அடர்த்தி ஈடுசெய் கருவியும் நெடுநாள் நின்ற வண்டிகளில் கசிவுக்குப் பேர்போனது. டீசல் மட்டுமே ஊற்றி ஓட்டப்போகும் ஒருவருக்கு அக்கருவி தேவையில்லை. அதைத் தவிர்த்துச் செல்லும்படி பலரும் மாற்றியிருக்கிறார்கள், அது நியாயமான மாற்றமே. ஆனால் கசிவு கருவியிலா பம்பின் தலையிலா என்று கண்டுபிடித்த பிறகே செய்யுங்கள். டீசல் கலந்த ஆயிலில் பேரிங்குகள் நெடுநேரம் தாங்கா.

நிறுத்தும் கைப்பிடியை இழுத்தும் இன்ஜின் நிற்கவில்லை

சாவி இல்லாத வண்டி இது. இன்ஜினை நிறுத்துவது ஒரு கேபிள் மட்டுமே. கேபிள் உறையினுள் துருப்பிடித்திருக்கும். அப்போதைக்கு, பிரேக்கை இறுக மிதித்து உயர்ந்த கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் திணறி நிற்கும். காற்று உள்ளிழுக்கும் வாயைக் கையால் பொத்தாதீர்கள். தடித்த பலகையால் மூடுங்கள். வண்டி வந்த முதல் வாரத்திலேயே இந்தக் கேபிளை மாற்றிவிடுவது மேல்.

நிறுத்திய பத்து நிமிடத்தில் காற்றழுத்த முள் கீழே விழுகிறது

சோப்பு நீரும் தூரிகையும் போதும். ஏர் டேங்குகளின் அடியிலுள்ள வடிகுழாய்கள், வண்டியின் பின்புற டிரெய்லர் இணைப்புகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, பலர் மறந்துபோகும் ஒன்றையும் பாருங்கள்: இவ்வண்டியின் வைப்பர்கள் காற்றில் ஓடுபவை. கண்ணாடிச் சட்டத்தில் உள்ள சிறு மோட்டாரின் சீல் வறண்டு, ஓட்டுநரின் காதருகிலேயே ‘ஸ்ஸ்’ என்று கசியும். காற்றழுத்தம் 60 பிஎஸ்ஐ அளவுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை ஒலி எழும். அது ஓயும் வரை வண்டியை நகர்த்தக் கூடாது என்பதற்கான காரணம் அடுத்த பகுதியில் உள்ளது.

பிரேக் பெடல் மென்மையாகிறது, ஆழமாக இறங்குகிறது, அல்லது வண்டியைப் பிடித்துவைக்கிறது

இப்பகுதியில் நான் நெடுநேரம் நிற்பேன். இந்த வண்டியில் உயிரோடு விளையாடும் இடம் இதுவே.

எம்35ஏ2 வண்டியில் உள்ளது முழுக் காற்றுப் பிரேக் அன்று. பெடல் தள்ளும் திரவம் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ‘ஏர்-பேக்’ என்னும் உருளைக்குச் செல்கிறது. அங்கே அழுத்தக் காற்று ஒரு பெரிய பிஸ்டனைத் தள்ளித் திரவத்தின் அழுத்தத்தைப் பன்மடங்காக்குகிறது. காற்று இல்லாவிட்டால் பெடல் கல்லாகக் கனக்கும், ஆனாலும் சிறிதளவு பிரேக் இருக்கும். திரவம் போய்விட்டால் எதுவும் இருக்காது. ஏனெனில் ஆறு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே சுற்றுதான் உள்ளது. எங்கோ ஒரு குழாய் வெடித்தால் ஆறு சக்கரங்களும் ஒருசேரப் பிரேக்கை இழக்கும்.

பெடல் மென்மையாக இருந்தால் முதலில் திரவத்தின் நிறத்தைப் பாருங்கள். 1980களில் அமெரிக்க இராணுவம் தன் வண்டிகளைச் சிலிகோன் திரவமான டாட் 5 வகைக்கு மாற்றியது. அது ஊதா நிறமுடையது. கடையில் கிடைக்கும் டாட் 5.1 என்பது பெயரில் மட்டுமே அதற்கு உறவு. அது சிலிகோன் அன்று, கிளைகால் என்னும் வேறு வேதிப்பொருளால் ஆன திரவம்; இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலவா. முன்பு வைத்திருந்தவர் அவசரத்தில் டாட் 3 ஊற்றியிருந்தால் அடியில் கூழ் போல் படிந்திருக்கும். அப்போது எல்லாக் குழாய்களையும் வடித்துக் கழுவி, ரப்பர் பாகங்களை மாற்றியாக வேண்டும். சிலிகோன் திரவம் நீரை உறிஞ்சாது என்பதை நன்மையாகச் சொல்வார்கள். உறிஞ்சாத நீர் எங்கே போகும்? மிகத் தாழ்ந்த இடத்தில், அதாவது வீல் சிலிண்டரில், தேங்கித் துருவை வளர்க்கும். என் வண்டியில் பின் இடது சக்கரத்தில் திரவத்தை வடிக்கும் பிளீடர் திருகைத் திறந்தபோது முதலில் சொட்டியது ஊதா நிறத் திரவமன்று, தேநீர் நிறத்தில் கால் கரண்டி நீர். அந்தச் சிலிண்டரைப் பிரித்தபோது பிஸ்டனைச் சுத்தியால் தட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது. அதுவரை அந்தச் சக்கரத்துக்குப் பிரேக்கே இருந்திருக்கவில்லை.

திரவம் குறைந்துகொண்டே வருகிறது, எந்தச் சக்கரத்திலும் கசிவு இல்லை என்றால், அது ஏர்-பேக்கின் சீலைத் தாண்டிக் காற்றறைக்குள் போகிறது. பெடலை மிதித்து விடும்போது வெளியேறும் காற்றோடு நுரை வந்தால் ஐயமே வேண்டாம். பெடலை மிதித்தபடியே இருக்கும்போது சீறல் ஓயாமல் தொடர்ந்தாலும் ஏர்-பேக்கைக் கழற்ற வேண்டியதுதான். மாஸ்டர் சிலிண்டரின் மூடி ஓட்டுநரின் காலடித் தகட்டுக்குக் கீழே இருப்பதால் அளவு பார்ப்பதைப் பலரும் தள்ளிப்போடுகிறார்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஓடிய பிறகு சக்கரங்களைப் பிரேக் பிடித்துவைத்துக் கொண்டால், எட்டு அல்லது பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒவ்வொரு டிரம்மின் வெப்பத்தையும் வெப்பமானியால் அளங்கள். ஒரே ஒரு டிரம் மட்டும் சுடுகிறதா, எல்லாமே சுடுகின்றனவா என்பது வழியைப் பிரிக்கும். எல்லாம் சுட்டால் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையே உள்ள தண்டில் சிறு தளர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். தளர்ச்சி இல்லாவிட்டால் திரவம் திரும்பும் துளை மூடியே இருந்து, வெப்பம் ஏற ஏற அழுத்தம் தானே கூடும். ஒன்று மட்டும் சுட்டால், அதைத் தூக்கி நிறுத்தி, சுழலாமல் பிடித்திருக்கும் நிலையிலேயே அதன் பிளீடரைத் திறவுங்கள். திரவம் பீச்சி, சக்கரம் விடுபட்டால், உட்புறம் வீங்கிய ரப்பர் ஹோஸ் திரவத்தைத் திரும்ப விடவில்லை என்று பொருள். பிடி விடவே இல்லை என்றால் குறை டிரம்முக்குள் இருக்கிறது.

டிரம்முக்குள் கியர் ஆயில் நனைந்திருந்தால் ஹப் சீலை மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். ஆக்சில் ஹவுசிங்கின் மேல் ஒரு சிறு காற்றுத் துளை உண்டு. பல முறை பெயின்ட் பூசப்பட்ட இராணுவ வண்டிகளில் அது பெயின்டாலேயே அடைபட்டிருக்கும். ஓடி வெப்பமேறும்போது உள்ளழுத்தம் ஆயிலைச் சீல் வழியே தள்ளும். துளையைத் திறக்காமல் சீலை மட்டும் மாற்றியவர்கள் அடுத்த மாதமே மீண்டும் மாற்றினார்கள்.

இவையெல்லாம் சரியான பிறகு, நீங்கள் செய்யும் முதல் மாற்றம் பிரேக்கை இரு சுற்றுகளாகப் பிரிப்பதாக இருக்கட்டும். இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் இரண்டாவது ஏர்-பேக்கும் இட்டு, முன் ஆக்சிலைப் பின் ஆக்சில்களிலிருந்து பிரித்துவிட்டால், ஒரு குழாய் வெடித்தாலும் மறுபாதி நிற்கும். பெரிய டயருக்கும், கூண்டுக்கும், பெயின்டுக்கும் முன்பு இதற்குச் செலவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கைப்பிரேக் இதற்கு மாற்றாகாது. இன்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னாலுள்ள சுழல்தண்டையே அது பிடிக்கிறது. வண்டியைக் கட்டி இழுப்பதற்காகப் பின் சுழல்தண்டைக் கழற்றினால் கைப்பிரேக்கும் கூடவே போய்விடும். சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்த பிறகே தண்டில் கைவையுங்கள்.

இடப்பக்கச் சக்கர நட்டுகள் எவ்வளவு முறுக்கியும் கழலவில்லை

நீங்கள் அவற்றை இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். நட்டு ஏறும் திருகாணிகளான ஸ்டட்கள் இடப்பக்கத்தில் இடப்புரி கொண்டவை. ஸ்டட்டின் முனையில் ‘எல்’ எழுத்து பொறித்திருக்கும். கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றினால்தான் அவை கழலும். நீண்ட குழாய் மாட்டி மறுதிசையில் இழுத்து ஸ்டட்டையே முறித்தவர்கள் பலர்.

கழற்றியதும் ரிம்மைப் பாருங்கள். டயரைப் பிடித்துவைக்கும் பூட்டு வளையம் உள்ள ரிம்களில் காற்றிருக்கும்போது வளையம் பிடுங்கிக்கொண்டால் ஆளைக் கொல்லும். வால்வின் உட்பகுதியைக் கழற்றி முழுக் காற்றையும் விட்ட பிறகே வளையத்தைத் தொட வேண்டும். ஏற்றும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்தே ஏற்ற வேண்டும். குறித்த அழுத்தத்தில் 80 விழுக்காடோ அதற்குக் குறைவோ இருக்கும் நிலையில் ஓடிய டயரை, வண்டியிலேயே வைத்துக் காற்றேற்றாமல், பிரித்துச் சோதியுங்கள்.

தார்ச் சாலையில் திருப்பும்போது முன்பக்கம் இறுகி, டயர் கீறி ஒலிக்கிறது

ஒருவழிப் பிடியுள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் கொண்ட வண்டிகளில் முன் ஆக்சிலுக்கு ஓட்டுநர் கைப்பிடி எதையும் போட வேண்டியதில்லை. பின் சக்கரங்கள் வழுக்கும்போது ஒருவழிப் பிடி தானே முன் ஆக்சிலையும் இணைக்கும். முன் சக்கரங்கள் பின்னவற்றைவிட மெதுவாகச் சுழன்றால் அது வழுக்கல் என்று எண்ணிப் பிடித்துக்கொள்ளும். முன்னால் மட்டும் பெரிய டயர் போட்டவருக்கு நல்ல சாலையிலும் இதுவே நேர்கிறது. ஆறு சக்கரங்களிலும் ஒரே அளவு டயர் இட்டும் இறுக்கம் தீராவிட்டால், ரிவர்ஸ் கியரோடு ஒருவழிப் பிடியை மறுதிசைக்கு மாற்றும் தண்டின் அளவைக் கையேட்டின்படி சரிசெய்யுங்கள்.

தொழிற்சாலையிட்ட 9.00-20 டயரின் விட்டம் 40 அங்குலத்துக்குச் சற்று மேல். பலர் விரும்பும் 395/85ஆர்20 டயரோ ஏறத்தாழ 46 அங்குலம். அதை இட்டபின் வேகமானி 50 மைல் காட்டும்போது வண்டி உண்மையில் 56 மைலுக்கு மேல் ஓடும். இன்ஜினின் இழுவையும் பிரேக்கின் பிடியும் அதே விகிதத்தில் குறையும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியைத் திருப்பத் தோள்வலு வேண்டும். எனவே பிரேக், ஸ்டியரிங், டயர் என்ற வரிசையில் மாற்றுவதே முறை.

ஏற்றத்தில் கரும்புகை, அதன்பின் இன்ஜின் அடியில் தட்டும் ஒலி

கரும்புகை என்றால் யாரோ பம்பின் திருகைத் திருப்பி எரிபொருளைக் கூட்டியிருக்கிறார்கள், அல்லது காற்று வடிகட்டி அடைபட்டிருக்கிறது. டர்போவுக்கு முன் புகை செல்லும் வழியில் வெப்பமானி பொருத்தாமல் அந்தத் திருகைத் தொடவே கூடாது. புகையின் வெப்பம் 650 செல்சியஸுக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தட்டும் ஒலி வேறு பிழை. இந்த 7.8 லிட்டர் இன்ஜினின் எல்லை நிமிடத்துக்கு 2,600 சுற்று. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வண்டியின் எடையே அதை எல்லை தாண்டித் தள்ளிவிட்டால் கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைக்கும். ஒவ்வொரு கியருக்கும் உரிய உச்ச வேகம் டேஷ்போர்டுத் தகட்டிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. ஒலி கேட்டுவிட்டால் ஆயிலை வடித்துப் பாருங்கள். மினுமினுக்கும் உலோகத் துகள் இருந்தால் இனி எழுப்ப வேண்டாம்.

பின்னால் பொருத்திய வீட்டுப்பெட்டியின் கதவு சாய்வான நிலத்தில் திறக்க மறுக்கிறது

லாரியின் சேஸிஸ் முறுகும்படியே வடிவமைக்கப்பட்டது. ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது கேபினும் பின்பகுதியும் வெவ்வேறு கோணத்தில் சாய்வதை நின்று பார்த்தாலே தெரியும். விறைப்பான பெட்டியை நான்கு மூலையிலும் இறுக்கிப் போல்ட் போட்டால், ஒன்று பெட்டி விரிசல் விடும், இல்லையேல் போல்ட் அறும். கதவு சிக்குவது அதற்கு முந்திய எச்சரிக்கை. பின்புறம் இரு இடத்தில் இறுக்கி, முன்புறம் நடுவில் ஓர் அச்சில் அசையவிடும் மூன்று புள்ளிப் பொருத்தத்துக்கு மாற்றுங்கள். சேஸிஸில் வெல்டிங் செய்யாமல், இருக்கும் துளைகளைப் பயன்படுத்துங்கள். பொருத்தம் வைக்கும் இடத்தில் பழைய பச்சைப் பெயின்டை உலர்ந்த நிலையில் கிரைண்டரால் தேய்ப்பதும், அதன் மேலேயே வெல்டிங் தீ படுவதும் கூடாது. இரசாயனத் தாக்குதலைத் தாங்கவென்று பூசிய அந்தப் பெயின்ட் சூடானால் ஐசோசயனேட் நச்சுப்புகையைக் கக்கும். பழைய அடிப்பூச்சுகளில் குரோமியமும் இருக்கும். நனைத்துத் தேயுங்கள், உரிய வடிகட்டியுள்ள முகமூடி அணியுங்கள், தேய்த்த கழிவைத் துணியால் திரட்டித் தனிப்பையில் கட்டுங்கள். பொருத்தி முடித்து முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பின் எல்லாப் போல்ட்களையும் திருகுவிசைக் கருவியால் மீண்டும் ஒருமுறை சோதித்து, இறுகிய நிலையில் நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்று இழுத்துவையுங்கள்; அடுத்த முறை குனிந்து பார்க்கும்போது கோடு முறிந்திருக்கும் நட்டு எதுவோ, அதுவே தளர்ந்தது.